பெனால்டிப் புள்ளியில் ஒரு கட்டிக் கற்பூரம்

செயலாளர் பதவிக்கு இம்முறை மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் காலத்தில் செயலாளரைத் தெரிவு செய்வது என்றால், கூட்டத்துக்கு வராத ஆளின் பெயரை எல்லோரும் சேர்ந்து முன்மொழிவதுதான். அப்படித்தான் நானும் அகப்பட்டேன். அன்றைக்கு எனக்கு வேலையில் ஓவர்டைம். இருபத்திரண்டு வருடம் கழித்து, போன மாதம்தான் கழக அலுமாரியின் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். பந்து விளையாடுவது பற்றி எழுத எனக்கு அருகதையில்லை. ஓஃப்சைட் என்றால் என்னவென்று விளங்கவே ஆறு வருடம் எடுத்தது. படிவங்கள் நிரப்புவது பற்றியும் எழுதவில்லை. அதெல்லாம் இப்போது உங்கள் கைத்தொலைபேசிக்குள் போய்விட்டது. நான் செய்த இரண்டு பிழைகளைச் சொல்கிறேன். முதலாவதை மறைத்தேன், இரண்டாவதைச் சொன்னேன். மிச்சத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் கழகத்தைப் பற்றிக் கொஞ்சம். நம்மில் பாதிப்பேருக்கு நாம் அணியும் சட்டை யாருடையது என்றே தெரியாது. மொன்றியல் துறைமுகத்தில் வேலை செய்த ஆங்கிலேயர்கள் தொடங்கிய கழகம் இது. கப்பலில் சாமான் இறக்கிய கையோடு மைதானத்துக்கு வந்து பந்தை உதைத்தவர்கள். துறைமுகத் தொழிலாளர் என்று பொருள்படும் ‘டொக்கர்ஸ்’ என்ற பெயரும், துவைக்கத் துவைக்க அழுக்காகவே தெரியும் இந்தக் காவிநிறச் சட்டையும் அவர்கள் விட்டுப்போனவை. பெரிய கிண்ணம் எதையும் அவர்கள் தூக்கியதில்லை. அவர்களின் உச்சம் இரண்டாம் பிரிவு, அதிலும் நடு வரிசை. பிள்ளைகள் ஒன்ராறியோவுக்கும் ஐஸ் ஹொக்கிக்கும் போய்விட, கடைசியில் ஏழு பேர் மிஞ்சினார்கள். அந்த ஏழில் இரண்டு பேருக்கு முழங்கால் சரியில்லை.

அப்போது நான் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தேன். லொறிகளை அனுப்பும் மேசையில் இருந்த ஆங்கிலேயர்தான் இந்தக் கழகத்தின் செயலாளர். வெள்ளிக்கிழமைக்குள் பதினொரு பெயர் கொடுக்காவிட்டால் லீக் தங்களை வெட்டிவிடும் என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் புலம்பிக்கொண்டிருந்தார். அவருடைய புலம்பலில் என்னால் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. “பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் தெருவுக்கு ஒருமுறை வந்து பார், படிக்கட்டுக்குப் படிக்கட்டு ஒருவன் பந்தோடு நிற்கிறான்” என்றேன். வியாழக்கிழமை என் தம்பி றஞ்சன் பதினான்கு பேரைக் கூட்டிவந்து நிறுத்தினான். இப்போது பயிற்றுநராக இருந்து உங்களையெல்லாம் விரட்டுகிற அதே றஞ்சன்தான்.

அந்தப் பருவத்தின் முதல் நாள் அந்த மனிதர் ஒரு பியர் போத்தலைத் திறந்து, கோல் கம்பத்தடியில் புல்லின்மேல் ஒரு மிடறு ஊற்றினார். துறைமுகக்காரரின் வழக்கமாம். நான் பித்தளைத் தட்டில் கற்பூரம் கொளுத்தி, பெடியன்களுக்குச் சுற்றிக் கண்ணூறு கழித்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நானும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து நம் கழகத்தில் பியரும் உண்டு, கற்பூரமும் உண்டு.

இனி முதல் பிழை. நான் செயலாளராகி இரண்டாம் வருடம் அது. அணி இரண்டாம் பிரிவில் நல்லபடியாக நின்றது. மூன்று மஞ்சள் அட்டை வாங்கியவர் அடுத்த ஆட்டத்தில் விளையாடக் கூடாது என்பது விதி. மழையால் தள்ளிப்போன ஓர் ஆட்டத்தோடு தடை கழிந்துவிட்டது என்று நினைத்து, தடையில் இருந்த ஒருவரின் பெயரை நான் பட்டியலில் எழுதிவிட்டேன். இடைவேளையில் குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது. எழுந்துபோய் நடுவரிடம் சொல்லியிருக்கலாம். நாங்கள் இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் நின்றோம். யார் பார்க்கப் போகிறார்கள் என்று குறிப்பேட்டை மூடிவிட்டுத் தேநீர் குடித்தேன்.

இரண்டு கிழமையில் லீக்கில் யாரோ பார்த்துவிட்டார்கள். அந்த வெற்றி பறிபோனது. மறைத்ததற்காக மேலும் புள்ளிகள் வெட்டினார்கள். பருவ முடிவில் ஒரேயொரு புள்ளி வித்தியாசத்தில் மூன்றாம் பிரிவுக்கு இறங்கினோம். இடைவேளையிலேயே சொல்லியிருந்தால் அந்த ஓர் ஆட்டம் மட்டும்தான் போயிருக்கும். பழைய செயலாளர் என்னைத் திட்டவில்லை. “நீ எப்போது கவனித்தாய்?” என்று மட்டும் கேட்டார். இடைவேளையில் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் லொறிப் பட்டியலுக்குத் திரும்பிவிட்டார். திட்டியிருந்தால் நான் அதை அன்றைக்கே மறந்திருப்பேன்.

அதன்பிறகு பதினொரு பருவம் மூன்றாம் பிரிவில் கிடந்தோம். யாரும் என் முகத்துக்கு நேரே ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் கலியாண வீடு, பிறந்தநாள் என்று எங்கே போனாலும், “இப்ப எந்தப் பிரிவிலை நிக்கிறியள்?” என்று யாராவது கேட்பார்கள். நான் சட்டென்று சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவேன்.

பன்னிரண்டாவது பருவத்தில் காற்று எங்கள் பக்கம் வீசியது. சென்னையிலிருந்து படிக்க வந்த பிரபு என்ற பிள்ளை கோல் காவலனாகச் சேர்ந்தான். கை இரண்டும் பலாக்காய் பிடிக்கிற கை. கடைசி ஆட்டம் வந்தபோது நிலைமை இதுதான்: ஒரே ஓர் அணிக்குத்தான் மேலே போக இடம். எங்களுக்கு வெற்றி வேண்டும். எதிரணிக்குச் சமநிலை போதும். அது ஹெயிட்டி நாட்டவர்களின் கழகம், ஓட ஓடக் களைக்காத கால்கள்.

வழக்கமான நம் புல் மைதானத்தில் அந்த மாதம் குழாய் வேலை நடந்தது. அதனால் ஆட்டத்தை நகரசபைப் பூங்காவில் இருந்த புதிய செயற்கைத் தரை மைதானத்துக்கு மாற்றியிருந்தார்கள். பச்சைப் பிளாஸ்ரிக் புல்லும் நடுவே கறுப்பு றப்பர் மணிகளும். பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

தொடங்க அரைமணி நேரத்துக்கு மேல் இருந்தது. நான் கற்பூரப் பெட்டியை எடுத்தேன். பித்தளைத் தட்டைக் காணவில்லை. வீட்டில் சமையலறை மேசையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். சாப்பாடு சுற்றிவந்த அலுமினியத் தாளை நான்காக மடித்து, பெனால்டிப் புள்ளியில் வைத்து, ஒரு கட்டி கொளுத்தினேன். முக்கியமான ஆட்டமாயிற்றே என்று பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டி. கண்ணை மூடிக் கும்பிட்டேன். கும்பிட்டது கொஞ்சம் நீண்டுவிட்டது.

“அக்கா, உதென்ன மணம்?” என்று றஞ்சனின் குரல் கேட்டது. கண்ணைத் திறந்தேன். புல் உருகிக்கொண்டிருந்தது. றஞ்சன் தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்தான். உள்ளங்கை அகலத்துக்குப் பச்சையும் கறுப்பும் ஒன்றாய்க் குழைந்து, நடுவில் பள்ளம், ஓரமெல்லாம் கல்லு மாதிரி இறுகிய விளிம்பு. செருப்புக் காலால் மிதித்துப் பார்த்தேன், அசையவில்லை. வேகமாக ஓடிவரும் ஒருவனின் கணுக்கால் அதில் மாட்டினால் அவ்வளவுதான்.

றஞ்சன் சுற்றும் முற்றும் பார்த்தான். “ஒருதரும் காணேல்லை. உந்த றப்பர் மணியளை அள்ளி மூடிவிடுவம். வாயைத் திறந்திடாதை.”

பிரபுவும் பக்கத்தில் வந்து நின்றான். “சொல்லாதீங்க அக்கா, மேட்ச் போயிடும். டிசம்பர்ல எனக்குப் படிப்பு முடியுது. அடுத்த சீசன் எந்த ஊர்ல இருப்பேனோ தெரியாது.”

அவர்கள் சொன்னதில் பொய்யில்லை. ஆடுகளத்தை ஆடத் தகுந்ததாகத் தருவது வீட்டு அணியின் பொறுப்பு. தராவிட்டால் மூன்றுக்குப் பூச்சியம் என்று எதிரணிக்கு வெற்றி எழுதுவார்கள். நான் நடுவரின் அறைப் பக்கம் பார்த்தேன். தம்பிக்கு என் முகத்தைப் பார்த்தே விளங்கிவிட்டது.

“உன்னாலைதான் அண்டைக்கு இறங்கினம்,” என்றான். “இண்டைக்கும் உன்னாலையோ?”

பதினொரு வருடத்தில் அவன் அதைச் சொன்னது அன்றைக்குத்தான். எனக்குக் கண் கலங்கியது. கோபமும் வந்தது, அவனோடல்ல, மேசையில் கிடக்கும் அந்தத் தட்டோடு. ஆனால் ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு நேர்மை, தர்மம் என்று பெரிய நினைப்பெல்லாம் வரவில்லை. இடைவேளையில் குடித்த அந்தத் தேநீரின் ருசிதான் நாக்கில் வந்தது. இன்னொரு பதினொரு வருடத்துக்கு அதைக் குடிக்க என்னால் ஏலாது.

முன்பு செய்யாத இன்னொன்றையும் அன்றைக்குச் செய்தேன். உடனே ஓடாமல் ஒரு நிமிடம் நின்று சுற்றிப் பார்த்தேன். பிழையைச் சொல்லப் போகிறவர் வெறுங்கையோடு போகக் கூடாது. வேலிக்கு அப்பால் அதே பூங்காவின் பழைய புல் மைதானம் கிடந்தது. புல் வெட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் கோல் கம்பங்கள் நின்றன. வலை இல்லை, அதைக் கழற்றிக் கட்டலாம். கோடுகளும் இல்லை, பருவம் முடிவதால் மழையில் அழிந்ததை யாரும் திரும்பப் பூசவில்லை.

நடுவரின் அறைக்குப் போனேன். நடுவர் ஒரு கியூபெக் பெண்மணி. எதிரணிச் செயலாளர் அங்கேதான் இருந்தார். நரைத்த தாடி, பெரிய உடம்பு. என் பிரெஞ்சு கடைக்குப் போய்ப் பால் வாங்குகிற பிரெஞ்சு. இருந்தாலும் இரண்டு பேர் முன்னாலும் சொன்னேன்: “போன்ஜூர் மதாம். மைதானத்தை நான் எரித்துவிட்டேன்.”

நடுவர் வந்து குந்தியிருந்து, பள்ளத்தைத் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார். என்ன இது என்றார். பிரார்த்தனை என்றேன். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டுதான் விதியைச் சொன்னார். இந்தத் தரையில் ஆட விடமுடியாது. குறித்த நேரத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் வேறு இடத்தில், எல்லாக் கோடுகளும் தெளிவாகத் தெரிய, ஆட்டம் தொடங்கினால் சரி. அதற்கும் வந்த அணி சம்மதிக்க வேண்டும். இல்லாவிட்டால் வெற்றி அவர்களுக்கு.

தாடிக்காரர் ஒரு சொல் மறுத்தால் போதும், வியர்க்காமலே மேலே போய்விடலாம். அவர் அந்தப் பள்ளத்தில் காலை வைத்துப் பார்த்தார். “என் முன்வரிசைக்காரனின் கால்தான் இதில் போயிருக்கும்,” என்றார். பிறகு தன் பெடியன்களின் பக்கம் கையைக் காட்டினார். “பஸ்ஸில் வழி முழுக்கப் பாடிக்கொண்டு வந்தவர்கள். விளையாடாமல் கூட்டிக்கொண்டு போனால் என்னை நடுவழியில் இறக்கிவிடுவார்கள். கோட்டைப் போடு, மதாம்.”

கோடு போடுவதற்குச் சுண்ணாம்பு எங்கே? ஞாயிற்றுக்கிழமை. பூங்கா அலுவலகம் பூட்டு. அப்போதுதான் நம் நடுக்கள வீரன் ஒருவன் கையைத் தூக்கினான். அவன் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மொத்தக் கடைக்கு வான் ஓட்டுகிறவன், வேலையிலிருந்து நேரே வந்திருந்தான். “அன்ரி, வானுக்குள்ளை பத்து மூட்டை கோதம்ப மா கிடக்கு. நாளைக்குக் குடுக்க வேண்டியது. முதலாளியிட்டைக் கேக்கிறன்.” முதலாளி தொலைபேசியிலேயே, “கோட்டை நேராப் போடுங்கோ” என்று கத்தியது எல்லோருக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு புல்லரிக்கிறது. கயிறு பிடித்தோம். அடி அளந்தோம். ஆட்டம் பார்க்க வந்த தாய்மார் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு மாவை அள்ளினார்கள். ஹெயிட்டிப் பிள்ளைகள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு மூட்டையைத் தூக்க வந்தார்கள், பிறகு எங்கள் கோடு கோணல் என்று எங்களுக்கே பாடம் எடுத்தார்கள். காலையில் தூறிய மழையால் புல் நனைந்திருந்ததால் மா நன்றாக ஒட்டியது. நேர்கோடெல்லாம் சரி. பெனால்டிப் பெட்டிக்கு முன்னால் வரும் அந்த வளைவில் எல்லோரும் தடுமாறினார்கள். பிரபு கையுறையைக் கழற்றினான்.

“தள்ளுங்க அண்ணா. எங்கம்மா மார்கழி பூரா வாசல்ல கோலம் போடுவாங்க. மாவு டப்பா தூக்கிட்டு நின்னவன் நான்.” விரலிடுக்கால் மாவை விட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்து, ஒரே இழுப்பில் வளைவை முடித்தான். இரண்டு அணியும் கைதட்டின. கெடு முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது நடுவர் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு விசிலை வாயில் வைத்தார்.

முதல் பாதியில் ஒன்றும் நடக்கவில்லை. இடைவேளையில் நான் தேநீர் குடிக்கவில்லை. பிரபு மிச்ச மாவை எடுத்துக்கொண்டு, இரண்டாம் பாதியில் தான் காக்கப் போகும் கோல் கோட்டின்மேல் இன்னொரு தடவை தடிப்பாகப் போட்டான். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், அந்த வான் சாரதி தலையால் முட்டி ஒரு கோல் அடித்தான். நான் என்ன சத்தம் போட்டேன் என்று எனக்கு நினைவில்லை. கேட்டவர்கள் இன்னும் நடித்துக் காட்டுகிறார்கள்.

கடைசி நிமிடம். எதிரணியின் நெட்டையன் ஒருவன் தூரத்திலிருந்து உதைத்த பந்து, பிரபுவின் கைக்கு மேலே போய், குறுக்குக் கம்பத்தின் அடியில் பட்டு, நேரே கீழே விழுந்தது. பிரபு திரும்பிப் பாய்ந்து அதை நெஞ்சோடு அணைத்தான். ஹெயிட்டிக்காரர் எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கோல் என்றால் சமநிலை, மேலே போவது அவர்கள். றஞ்சன் அப்படியே மண்டியிட்டுவிட்டான்.

ஆனால் பந்து விழுந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புகை எழும்பியிருந்தது. மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தோம். நடுவர் ஓடிவந்து குனிந்தார். தடித்த மாக்கோட்டின் நட்டநடுவில் வட்டமாக ஒரு பள்ளம். பிரபுவின் கையிலிருந்த பந்தை வாங்கித் திருப்பினார். அடியில் ஒரு பிடி கோதுமை மா. முழுப் பந்தும் கோட்டைத் தாண்டினால்தான் கோல். அது கோட்டின் மேலேயே விழுந்திருக்கிறது.

நடுவரைச் சூழ்ந்துகொண்ட தன் பெடியன்களைத் தாடிக்காரர் வந்து விலக்கினார். அவரும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது என்னைத் தேடினார். “அந்தப் பிளாஸ்ரிக் புல்லில் என்றால் நான் இதைக் கோல் என்று சண்டை பிடித்திருப்பேன்,” என்றார். பிறகு கோல் கம்பத்துக்கு முன்னாலேயே என்னைக் கட்டிப்பிடித்தார். நடுவர் விசில் ஊதினார். நாங்கள் மேலே போய்விட்டோம்.

றஞ்சன் முழங்காலெல்லாம் மாவோடு என்னிடம் வந்தான். என் தம்பி அழுது நான் பார்த்தது அப்பா செத்தபோது ஒருதரம், அன்றைக்கு ஒருதரம். “அக்கா, நான் சொன்னதை மனதிலை வைச்சிராதை. நீதான் ஏத்தினனி,” என்றான். நான்தான் இறக்கினேன், நான்தான் ஏற்றினேன் என்று நானும் அழுதேன். நாங்கள் அழுது முடித்துப் படம் எடுப்பதற்குள், ஆற்றுப் பக்கமிருந்து கடற்புறாக்கள் வந்து பக்கக் கோட்டில் பாதியைத் தின்றுவிட்டன.

திங்கட்கிழமை காலையில் நகரசபைக்கு நானே தொலைபேசி எடுத்து எரித்ததைச் சொன்னேன். அந்தத் துண்டைத் திருத்தும்வரை, அதற்கு ஈடாக நாங்கள் எல்லோரும் சனிக்கிழமைகளில் பூங்காவில் இலை கூட்டினோம். பழைய செயலாளருக்கும் எடுத்தேன். அவர் ஆட்ட முடிவைக் கேட்கவில்லை. “எப்போது கவனித்தாய்?” என்றார். ஆட்டத்துக்கு முன் என்றேன். மறுமுனையில் ஒரு போத்தல் திறக்கும் சத்தம் கேட்டது.

நடுவரின் அறிக்கைப் பிரதி ஒரு கிழமையில் வந்தது. பிரெஞ்சில் இருந்ததால் மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். ஆடுகளத்தின் நிலை என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தது: “கோடுகள் மிகத் தெளிவு. வீட்டு அணியின் செயலாளருக்கு நன்றி.” அதைச் சட்டம் போட்டு அலுமாரிக் கதவின் உட்பக்கம் மாட்டியிருக்கிறேன். இரண்டாம் பிரிவில் இன்றுவரை நிற்கிறோம். உங்களில் யார் வந்தாலும் முதலில் திறக்கப்போவது அந்தக் கதவைத்தான். உள்ளே ஒரு மூட்டை கோதுமை மாவும், ஒரு பியர் போத்தலும், என் பித்தளைத் தட்டும் இருக்கும். தட்டை மறந்துவிட்டுப் போகாதீர்கள். மறந்தால், விசில் ஊதுவதற்கு முன்னால் போய்ச் சொல்லிவிடுங்கள்.